மண்ணில் அமரும் மானிடர்: மாத்தளைப் பகுதி மண்சிற்ப மரபை முன்வைத்துச் சில சிந்தனைகள்

இலங்கையினதும் தமிழகத்தினதும் சிற்ப வரலாறு பெரும்பாலும் கல்லின் வரலாறாகவும் வெண்கலத்தின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. இதற்கான காரணம் வெளிப்படையானது. கல்லும் வெண்கலமும் நின்று நிலைப்பவை; அவற்றைச் செய்வித்த மன்னரின் பெயர்கள் சாசனங்களிலே பொறிக்கப்பட்டுள்ளன. மண்ணோ கரையும், வெடிக்கும், உடையும். மண்ணுருவைச் செய்தவன் பெயர் மட்டுமன்றி, செய்வித்தவன் பெயரும் அதனோடு மறைந்துபோவதே வழக்கம். எனினும், நாம் வியந்து போற்றும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் மெழுகுக் கருவின்மேற் பூசப்பட்ட களிமண் அச்சினுள்ளேயே பிறந்தன என்பதை மறந்துவிடலாகாது. மண் பிற சிற்பப் பொருள்களுக்கெல்லாம் தாய்ப்பொருள். ஆயினும் வரலாற்றில் அதற்குரிய இடம் இன்னும் வழங்கப்படவில்லை.

அமர்ந்திருக்கும் மனித உருவம் ஒன்று மண்ணில் எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மாத்தளை மாவட்டத்தையும், சிறப்பாக அதன் கிழக்குப் புறத்து லக்கலப் பகுதியையும் தொடக்கமாகக் கொண்டு, தமிழகத்து மரபையும் உலகின் வேறு சில சான்றுகளையும் ஒப்புநோக்க முற்படுகின்றோம். அமர்ந்த உருவம் என்பது சிற்ப நூல்கள் விதித்த ஒரு நிலை மட்டுமன்று; மண்ணின் இயல்பும் மனித உடலின் பாரமும் தம்முள் செய்துகொண்ட உடன்பாடு அது. அந்த உடன்பாட்டை அறிந்திருந்தவை நூல்களைவிட, மண்ணை மிதித்த கால்களும் பிசைந்த கைகளுமே என்பது எமது கருத்தாகும்.

1. நிலமும் களியும்

மாத்தளை நகருக்குக் கிழக்கே, ஆங்கிலேயரால் நக்கிள்ஸ் எனப் பெயரிடப்பட்டதும் சிங்கள மக்களால் தும்பறை மலைகள் என வழங்கப்படுவதுமான தொடரின் சரிவுகளிலும் அவற்றின் அடிவாரப் பள்ளத்தாக்குகளிலும் லக்கலப் பகுதி அமைந்துள்ளது. களு கங்கையும் அதன் நீரை ஏற்கும் அம்பன் கங்கையும் இந்நிலத்தை வடிகாலாக்கி, ஈற்றில் மகாவலியோடு கலக்கின்றன. மலையின் பாறைகள் மிகப் பழமையான உருமாறிய பாறைகள். வெப்பமும் மழையும் நீண்ட காலம் தாக்கும்போது இப்பாறைகளில் உள்ள பெல்சுபார் என்னும் கனிமம் சிதைந்து களியாகின்றது. உடையாத படிகத் துகள்கள் மணலாகின்றன. மலைச்சரிவில் இவை இரண்டும் கலந்து கிடக்கும். ஆறு அவற்றைப் பிரிக்கின்றது. பருமனான மணல் முதலில் படிகின்றது. நுண்ணிய களி, நீர் தயங்கி நிற்கும் தாழ்நிலத்தில், அதாவது வயலிலும் குளத்திலும் ஆற்றோரத்திலும், பிறகு படிகின்றது. எனவே, மலையகத்தில் நெல் விளையும் தாழ்நிலமும் களி கிடைக்கும் நிலமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்துள்ளன. உழவனும் குயவனும் ஒரே நிலத்தை நம்பி வாழ்ந்தவர்கள்.

இம்மாவட்டம் மண்ணுருவங்களுக்குப் புதியதன்று. 1980களின் பிற்பகுதியில் சிகிரியா–தம்புள்ளைப் பிரதேசத்திலே மேற்கொள்ளப்பட்ட குடியிருப்புத் தொல்லியல் ஆய்வுகளின்போது இலுக்வெவ என்னுமிடத்தில் சுடுமண் உருவங்கள் கிடைத்தன. வடமேற்கே தப்போவ, மரதன்மடுவ ஆகிய இடங்களில் முன்னர் வெளிப்பட்டவற்றோடு இவை ஒப்பிடப்படுகின்றன. அரண்மனைக் கலையின் நேர்த்தி இவற்றில் இல்லை. கையாற் பிசைந்து, விரலால் அழுத்தி, குச்சியாற் கீறி ஆக்கப்பட்ட உருவங்கள் இவை. கிராமத்துச் சடங்குகளுக்கு உரியவை எனக் கருதப்படுகின்றன. சிகிரியாக் குன்றின் ஓவியங்களை உலகம் அறியும். அதே பிரதேசத்து மக்கள் மண்ணிற் செய்தவற்றை அறிந்தோர் மிகச் சிலரே.

2. அமர்தல் என்னும் நிலை

நிற்கும் மனித உருவத்தை ஈரமண்ணால் ஆக்க முயன்றோர் அதன் இடரை அறிவர். உடலின் முழுப் பாரமும் இரு கணுக்கால்களில் இறங்குகின்றது. உடலின் மிக ஒடுங்கிய பகுதியே மிகப் பெரிய பாரத்தைச் சுமக்க வேண்டியுள்ளது. எலும்பும் தசைநாரும் உடைய உயிருள்ள மனிதனுக்கு இது இயல்பு. ஈரமண்ணுக்கு எலும்பில்லை, அது தன் பாரத்தாலேயே கணுக்காலில் மடிந்து சரியும். ஆனால் அதே மனிதன் சம்மணமிட்டு அமரும்போது நிலைமை தலைகீழாக மாறுகின்றது. இரு முழந்தாள்களும் இடுப்பின் அடிப்பகுதியும் நிலத்தைத் தொட்டு ஒரு முக்கோணத் தளத்தை உருவாக்குகின்றன. பாரத்தின் மையம் தாழ்கின்றது. உருவம் கீழே அகன்றும் மேலே ஒடுங்கியும் ஒரு குவியலின் வடிவைப் பெறுகின்றது. மண்ணைக் கையால் அள்ளிக் கொட்டினால் அது தானாகக் கொள்ளும் வடிவும் இதுவே.

உலகின் மிகப் பழைய மண்ணுருவங்களுள் அமர்ந்த உருவங்கள் சிறப்பிடம் பெறுவதற்கு இது ஒரு காரணமாகலாம். துருக்கி நாட்டின் சத்தால்கூயூக் என்னும் புதிய கற்காலக் குடியிருப்பில் 1961ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட பெண்ணுருவம், இரு விலங்குகளின் மீது கைகளை ஊன்றி அமர்ந்துள்ளது. அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 6000. ருமேனியாவின் செர்னவோடாவில் 1956ஆம் ஆண்டில் கிடைத்த சிறு மண்ணுருவம், சிற்றாசனத்தில் அமர்ந்து, முழந்தாள்களில் முழங்கைகளை ஊன்றிக் கன்னங்களைத் தாங்கியிருக்கும் ஒரு மனிதனைக் காட்டுகின்றது. ஒரு சாண் உயரமும் இல்லாத அவ்வுருவத்தைச் ‘சிந்தனையாளன்’ என்றே அழைக்கின்றனர். பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து, பிரான்சியச் சிற்பி ரோடின் 1880களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘சிந்தனையாளன்’ சிற்பமும் அமர்ந்த உருவமே. இன்று வெண்கலத்தில் நாம் காண்பது, முதலில் அவர் விரல்கள் பிசைந்தெடுத்த உருவின் வார்ப்பாகும். இச்சிற்பிகள் ஒருவரையொருவர் அறிந்தவர்களல்லர். கை தாடையைத் தாங்க, முழங்கை தொடையைத் தாங்க, தொடை இருக்கையைத் தாங்க, பாரம் படிப்படியாகக் கீழிறங்கும் அமைப்பை இருவரும் கண்டடைந்தமை கருதத்தக்கது.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் இவ்வுண்மையையே விளையாட்டாகச் சொல்கின்றது. அரைக்கோள வடிவான கனத்த மண் அடியும், இலேசான மேலுடலும் கொண்ட அப்பொம்மையை எப்புறம் சாய்த்தாலும் அது மீண்டும் நிமிர்ந்து அமர்கின்றது. பாரத்தின் மையம் அடியிலே இருக்கும்வரை உருவம் வீழாது. அமர்ந்த சிலையைச் செய்பவனுக்கும் முதற் பாடம் இதுவே.

இலங்கையின் அமர்ந்த புத்தர் உருவங்களை இந்நோக்கில் மீளப் பார்க்கலாம். இருகால்களின் உள்ளங்கால்களும் மேல்நோக்கித் தெரியுமாறு பிணைத்து அமரும் நிலை பத்மாசனம் அல்லது வச்சிராசனம் எனப்படும். ஒரு காலின்மீது மறுகாலைப் படிய வைத்து அமரும் நிலை வீராசனம் எனப்படும். இலங்கைச் சிற்பிகள் பெரிதும் விரும்பியது வீராசனத்தையே. அத்துடன், மடிமீது ஒரு கையின் மேல் மறுகையை வைக்கும் தியான முத்திரையும் இங்கு பெருவழக்காயிற்று. இதற்குச் சமயக் காரணங்கள் உண்டு. அவற்றை மறுப்பது எமது நோக்கமன்று. ஆயினும், மடியிற் படிந்த கைக்குத் தனித் தாங்கல் வேண்டியதில்லை என்பதும், ஒன்றன்மீது ஒன்றாகப் படிந்த கால்களில் மண் வெடிக்கக்கூடிய ஆழ்ந்த இடுக்குகள் குறைவு என்பதும் மண்ணில் வேலை செய்தவனுக்குத் தெரிந்திருக்கும். கருத்தும் பொருளும் ஒரே திசையில் இழுக்கும்போதே ஒரு வடிவம் நூற்றாண்டுகள் கடந்து நிலைக்கின்றது.

3. இரு வழிகள்

மண்ணிலே பெரிய உருவம் செய்வதற்கு அடிப்படையில் இரண்டு வழிகளே உள. ஒன்று, உள்ளே மரத்தாலோ செங்கல்லாலோ ஓர் எலும்புக்கூட்டை அமைத்து, அதன்மேல் மண்ணைப் பூசிச் சுடாமல் உலரவிடுதல். மற்றது, உள்ளே எதுவும் இல்லாமல் உருவத்தைக் குடைவாக எழுப்பிச் சூளையில் சுடுதல். இவ்விரண்டையும் கலத்தல் இயலாது. இதற்கான காரணத்தை விளங்கிக்கொள்வது இன்றியமையாதது.

களி என்பது தகடு போன்ற மிக நுண்ணிய துகள்களாலானது. துகள்களுக்கிடையே நீர் நிற்கும்போது அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. அதனாலேயே களி குழைகின்றது. நீர் வெளியேறும்போது துகள்கள் நெருங்குகின்றன, உருவம் சுருங்குகின்றது. உலர்தலும் சுடுதலும் முடியும்போது சாதாரணக் களி நீளவாக்கில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு சுருங்குவதுண்டு. 50 அங்குல உருவம் 45 அங்குலமாகக் குறையலாம். உள்ளேயிருக்கும் மரமோ அவ்வாறு சுருங்குவதில்லை. எனவே மண் மரத்தை இறுகப் பற்றி, மேலும் நெருங்க இயலாமல் வெடிக்கின்றது. மரத்தோடு சுட்டால் மரம் எரிந்து ஒழிவதோடு உருவமும் பிளக்கும். ஆகவே சுடவேண்டிய உருவத்துக்கு எலும்புக்கூடு ஆகாது. எலும்புக்கூடு உள்ள உருவத்தைச் சுடலாகாது.

முதல் வழியை மேற்கொண்டோர் வெடிப்பை ஒழிக்க முயலவில்லை, அதனைப் பங்கிட்டனர். மண்ணோடு உமி, நறுக்கிய வைக்கோல், தேங்காய்நார், பஞ்சு முதலியவற்றைக் கலந்தால், ஒரு பெரு வெடிப்பாகத் திறக்க வேண்டியது கண்ணுக்குப் புலப்படாத பல நுண்வெடிப்புகளாகச் சிதறிவிடுகின்றது. நார் அவற்றை இணைத்துப் பிடிக்கின்றது. கண்டிக் கால விகாரைச் சுவர்களின் ஓவியத் தளத்திலும் இம்முறையே கையாளப்பட்டது. கறையான் புற்றுமண்ணும் மணலும் நாரும் உமியும் கலந்த பூச்சு உள்ளே, ‘மக்குல்’ எனப்படும் வெண்களியின் மெல்லிய பூச்சு வெளியே, அதன்மேல் வண்ணம். கறையான் நுண்துகளைத் தெரிந்தெடுத்துத் தன் உமிழ்நீரால் இணைக்கின்றமையால் புற்றுமண் இயல்பாகவே சலித்த மண்ணாக அமைகின்றது. தமிழ் மக்களும் புற்றுமண்ணைப் புனிதமாகப் போற்றுவதை இங்கு நினைவுகூரலாம்.

நமது ஆகம, சிற்ப நூல்கள் இம்முதல் வழியை வியத்தகு நுணுக்கத்தோடு விளக்குகின்றன. வைகானச மரபின் விமானார்ச்சனகல்பம், கேரளத்தில் 16ஆம் நூற்றாண்டளவில் ஸ்ரீகுமாரர் இயற்றிய சில்பரத்தினம் முதலியன, மண் திருமேனி செய்யும் முறையை உடலின் உறுப்புகளோடு ஒப்பிட்டே கூறுகின்றன. முதலில் ‘சூலம்’ நாட்டப்படும். அதாவது முதுகெலும்பாகவும் தோளாகவும் கைகால்களாகவும் அமையும் மரச்சட்டம். பிறகு தேங்காய்நார்க் கயிறுகள் அதன்மேற் சுற்றப்படும், இவை நாடிகள். பிறகு பல நாட்கள் பதப்படுத்திய மண் தசையாகப் பூசப்படும். துணி தோலாகப் போர்த்தப்படும். ஈற்றில் வண்ணம் தீட்டப்படும். பிசினும் பிற சேர்மங்களும் கலந்த இக்கலவையின் ஒரு வகை ‘கடுசர்க்கரை’ எனப்படும். திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமியின் பள்ளிகொண்ட திருமேனி இம்முறைக்குப் புகழ்பெற்ற சான்று. எலும்பு, நாடி, தசை, தோல் என்னும் இவ்வொழுங்கு வெறும் உவமையன்று. பாரத்தைத் தாங்குவது எது, இணைப்பது எது, வடிவளிப்பது எது, காப்பது எது என்னும் தெளிவான தொழில்நுட்பப் பாகுபாடு அதனுள் அடங்கியுள்ளது.

கண்டி இராச்சியத்துக் கிராமங்களிலே காணப்படும் தம்பிட்ட விகாரைகள் இம்முதல் வழியின் சூழலை உணர்த்துவன. குறுகிய கற்றூண்களின் மீது மரவுத்தரங்களைப் பரப்பி, அதன்மேல் வரிச்சு மண்சுவரால் எழுப்பப்பட்ட சிறு அறைகள் இவை. அவற்றுட் பலவற்றின் நடுவே மகரதோரணத்தின் கீழ் அமர்ந்த புத்தர் உருவமே இடம்பெறுகின்றது. மரத்தளத்தின்மீது அமையும் சிலை இலேசாகவும் அகன்ற அடியுடையதாகவும் இருத்தல் வேண்டும். அமர்ந்த நிலை ஈண்டும் பொருத்தமாகின்றது. மாத்தளை மாவட்டத்தின் பெருஞ்சான்றாகிய தம்புள்ளைக் குகைக்கோயிலில் 157 சிலைகள் உள. 1991ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட இக்கோயிலில், பாறையிலேயே குடைந்த உருவங்களோடு செங்கல்லும் சாந்தும் கொண்டு ஆக்கியவையும் மரத்தாலானவையும் அருகருகே அமர்ந்துள்ளன. பூச்சும் வண்ணமும் ஏறியபின், உள்ளே இருப்பது எது என்பதைப் பார்ப்பவரால் எளிதிற் கூற முடிவதில்லை.

4. சுடுமண் உருவை எழுப்பும் முறை

இரண்டாவது வழியாகிய சுடுமண் முறையைச் சற்று விரிவாக நோக்குவோம். ஏறத்தாழ இரண்டடி உயரமான அமர்ந்த உருவம் ஒன்றைச் செய்வதாகக் கொள்வோம்.

முதலில் மண் தயாரிப்பு. தோண்டிய களியை உலர்த்தி, உடைத்து, நீரில் ஊறவைத்து, கல்லும் வேரும் நீக்கி, மணல் கலந்து, காலால் மிதித்துப் பிசைய வேண்டும. மணல் சுருக்கத்தைக் குறைக்கின்றது. நீர் வெளியேற வழியும் விடுகின்றது. மிதித்தல் மண்ணினுள் அடைபட்ட காற்றை வெளியேற்றி ஈரத்தைச் சமப்படுத்துகின்றது. எவ்வளவு மணல் என்பதற்குப் பொதுவிதி இல்லை. ஒவ்வொரு வயற்களிக்கும் ஒவ்வோர் அளவு. சிறு உருண்டையை விரலிற் சுற்றி வளைத்து, அது வெடிக்கின்றதா என்று பார்த்தே தொழிலாளி அறிகின்றான்.

அடுத்தது தளம். பலகையின்மீது சாம்பலையோ உலர்ந்த மணலையோ தூவிய பின்னரே மண்ணை வைக்கவேண்டும். இது சிறு செயலாகத் தோன்றும். ஆயினும் சம்மணமிட்ட உருவின் மிக அகன்ற கோடு ஒரு முழந்தாளிலிருந்து மறு முழந்தாள் வரை அடியிலேயே கிடக்கின்றது. உலரும்போது இரு முழந்தாள்களும் நடுவை நோக்கி நகரவேண்டும். மண் பலகையோடு ஒட்டிக்கொண்டால் அவை நகர இயலாமல் மடியின் நடுவே பிளவு உண்டாகும். தூவிய சாம்பல் உருவத்தை வழுக்கி நகரவிடுகின்றது.

அதன்பின் உருவம் கீழிருந்து மேலாக, பானையைப் போல எழுப்பப்படுகின்றது. மண்ணைத் தடித்த திரிகளாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வளைத்து வைத்து, உள்ளும் புறமும் விரலால் இழுத்து இணைப்பர். சுவர் எங்கும் ஏறத்தாழ ஒரே கனமாக இருத்தல் முதன்மையானது. ஓர் அங்குலத்துக்கு மேற்படாமை நன்று. கனத்த இடம் மெதுவாகவும் மெலிந்த இடம் விரைவாகவும் உலர்வதால், அவை சந்திக்கும் இடத்திலேயே வெடிப்பு தோன்றும். அமர்ந்த உருவில் அவ்விடங்கள் கழுத்து, அக்குள், இடுப்பும் தொடையும் சேரும் மடிப்பு ஆகியன. இடுப்புவரை எழுப்பியபின் ஒருநாள் நிறுத்தி, கீழ்ப்பகுதி மேற்பாரத்தைத் தாங்குமளவு இறுகிய பின்னரே மார்பைத் தொடங்குவர். இடையில் விளிம்பை ஈரத்துணியால் மூடிவைப்பர். இவ்வாறு காத்திருத்தலும் தொழிலின் பகுதியே.

வடிவமைப்பில் புதியோர் பெரும்பாலும் இழைக்கும் பிழை ஒன்றுண்டு. நிற்கும் மனிதனின் உடலைச் செய்து, கால்களை மட்டும் மடித்து ஒட்டிவிடுகின்றனர். மனிதன் அமரும்போது மாறுபவை கால்கள் மட்டுமல்ல. இடுப்பெலும்பு பின்னோக்கிச் சாய்கின்றது, முதுகின் கீழ்வளைவு தட்டையாகின்றது, வயிறு மடிகின்றது, பாரத்தின் கீழ்த் தொடைகள் அகல்கின்றன, தளர்ந்து அமர்ந்தோரின் தலை சற்று முன்வருகின்றது. எனவே இடுப்பு, மார்புக்கூடு, தலை என்னும் மூன்று திரட்சிகளும் ஒன்றன்மேல் ஒன்று எவ்வாறு சாய்ந்து நிற்கின்றன என்பதை முதலில் முடிவுசெய்தல் வேண்டும். முகமும் விரலும் ஈற்றில் வருவன. நிமிர்ந்த முதுகோடு அமர்ந்த தியான உருவுக்கும், உழைத்துக் களைத்துத் திண்ணையில் அமர்ந்த மனிதனுக்கும் உள்ள வேறுபாடு முகத்தில் அன்று, இடுப்பின் சாய்விலேயே தொடங்குகின்றது.

சிற்ப நூல்கள் இவ்விடத்தில் உதவுகின்றன. உச்சி, மூக்கு, தொண்டைக்குழி, கொப்பூழ் ஆகியவற்றின் வழியே இறங்கும் நடுக்கோட்டைப் பிரம்மசூத்திரம் என்பர். அதனைத் தூக்குநூலால் அளப்பது லம்பமானம். முகத்தின் நீளம் ஒரு தாலம். அது 12 அங்குலம். நவதால உருவின் உயரம் 108 அங்குலம். உத்தம தசதாலத்தின் உயரம் 124 அங்குலம். இவ்வங்குலம் உருவத்தின் அளவுக்கேற்பக் கொள்ளப்படும் பிரிவேயன்றி நாம் அடிக்கோலில் காணும் அங்குலமன்று. இலங்கைச் சிற்பிகள் ‘சாரிபுத்திர’ என்னும் வடமொழி அளவு நூலைச் சிங்கள உரையோடு பயன்படுத்தினர். ஆயினும் இவ்விதிகள் முடிந்த உருவின் அளவைக் கூறுவன. ஈரமண்ணில் எவ்வளவு கூட்டிச் செய்தால் சுட்டபின் அந்த அளவு கிடைக்கும் என்பது அந்தந்த வயற்களியை அறிந்த கைக்கே தெரியும்.

உருவம் இறுகியபின், உள்ளிருந்து மிகையான மண்ணைச் சுரண்டி, அடியிலோ முதுகிலோ காற்று வெளியேறத் துளையிட வேண்டும். நிழலில் பல நாட்கள், பெரிய உருவமாயின் வாரக்கணக்கில், உலரவிட வேண்டும். ஈரம் எஞ்சியிருக்கச் சுட்டால், நீர் ஆவியாகி உருவத்தை உள்ளிருந்து தகர்த்துவிடும். எனவே சூளையின் முதல் நெருப்பு மிக மெல்லியதாக இருக்கும். ஏறத்தாழ 600 பாகை செல்சியசை எட்டும்போது களியோடு வேதியியல் முறையிற் பிணைந்த நீரும் வெளியேறுகின்றது. அதன்பின் அது மீண்டும் சேறாவதில்லை. வயலின் மண் அக்கணத்தில் நிரந்தரமாக வேறொரு பொருளாகிவிடுகின்றது.

5. அய்யனாரும் வேளாரும்

மாத்தளையின் தமிழருக்கு இச்சுடுமண் மரபு அயலானதன்று. 19ஆம் நூற்றாண்டின் கோப்பித் தோட்டங்களுக்குத் தொழிலாளராகக் கொண்டுவரப்பட்டோர், மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வழியில் நோயுற்றும் பசியுற்றும் மாண்டோர் பலர். திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளின் கிராமங்களிலிருந்து அவர்கள் தம் தெய்வங்களின் நினைவையும் சுமந்து வந்தனர். அக்கிராமங்களின் எல்லையில் அமர்ந்திருப்பவர் அய்யனார்.

அய்யனார் ஒரு காலை மடித்து மறுகாலைத் தொங்கவிட்டோ, யோகபட்டத்தால் முழந்தாளைப் பிணைத்தோ அமர்ந்த நிலையிற் காட்டப்படுபவர். அவருக்கு நேர்ந்துவைக்கும் பெருங்குதிரைகளும் மனித உருவங்களும் வேளார் எனப்படும் குயவரால், மேற்கூறிய குடைவு முறையிலேயே எழுப்பப்படுகின்றன. குதிரையின் நான்கு கால்களும் நான்கு நீண்ட பானைகளே. மனிதனின் கணுக்கால் தாங்காத பாரத்தை அகன்ற உருளைக் கால்கள் தாங்குகின்றன. திருவிழாவின்போது இவ்வுருவங்கள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்படுகின்றன. பின்னர் கோயிற் புறத்தில் வெயிலிலும் மழையிலும் விடப்படுகின்றன. பழையவை உடைந்து மண்ணோடு மண்ணாக, மீண்டும் புதியவை வருகின்றன. நிலைத்திருத்தல் அன்று, புதுப்பித்தலே இங்கு மரபு. இதனால் தொழிலும் தலைமுறை தோறும் புதுப்பிக்கப்படுகின்றது.

இதைவிட முக்கியமான ஓர் உண்மை, பல அய்யனார் கோயில்களில் வேளாரே பூசகருமாவர் என்பதாகும். உருவத்தைச் செய்யும் கையே அதற்குப் பூசையும் செய்கின்றது. பெருங்கோயில்களில் பிரிக்கப்பட்ட உழைப்பும் வழிபாடும் கிராமத் தெய்வத்தின் முன்னிலையில் இன்னும் ஒன்றாகவே உள்ளன.

6. கண் திறத்தலும் கைவினைஞனும்

இப்பிரிவின் பொருளை உணர, கண்டிப் பகுதியின் ‘நேத்திர மங்கல்ய’ எனப்படும் கண் திறக்கும் சடங்கை நோக்குதல் தகும். 1660 முதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்திலே சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், கண் எழுதப்படும்வரை உருவத்தை மக்கள் வெறும் பொருளாகவே கருதினர் என 1681இல் வெளிவந்த தம் நூலிற் குறிப்பிட்டுள்ளார். அச்சடங்கின்போது கைவினைஞன் சிலைக்கு முதுகு காட்டி நின்று, கண்ணாடியிற் பார்த்தே கண்களைத் தீட்டுகின்றான். பின்னர் கண்கள் கட்டப்பட்டு வெளியே அழைத்துச் செல்லப்படுகின்றான். அவனுடைய முதற்பார்வை ஆபத்தானது எனக் கருதப்படுவதால், அது வேறு ஏதேனும் ஒரு பொருளின்மேல் விழச் செய்யப்பட்டு, அப்பொருள் அடையாளமாக வெட்டப்படுகின்றது.

பல மாதங்கள் அவ்வுருவை அணைத்துத் தடவி உருவாக்கியவன், அது தெய்வமாகும் கணத்தில் அதனை நேரே பார்க்க இயலாது. இச்சடங்கின் சமயப் பொருளைப் பலர் ஆராய்ந்துள்ளனர். அதன் சமூகப் பொருளும் ஆராயற்பாலது. உழைப்பின் விளைபொருள் உழைத்தவனிடமிருந்து அந்நியமாகி, அவனுக்கே அஞ்சத்தக்க ஆற்றலாக எதிர்நிற்கும் நிலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி அரிது.

கண்டிச் சமூக அமைப்பில் இத்தொழில்கள் சாதிவழி வகுக்கப்பட்டிருந்தன. ஓவியரும் சிற்பிகளும் நவந்தன்ன பிரிவினர். குயவர் பதஹெல பிரிவினர். அரசனுக்கும் கோயிலுக்கும் ஆற்றும் இராஜகாரிய சேவைக்கு ஈடாக அவர்கள் நிலம் பெற்றிருந்தனர். நாயக்க வமிசத்தவனான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் காலத்தில், 1747 முதல் 1782 வரை, தம்புள்ளையிலே பெரும் புதுப்பித்தல் நிகழ்ந்தது. மாத்தளை மாவட்டத்து நீலகமப் பரம்பரை ஓவியர்கள் தம்புள்ளையோடு தொடர்புடையவர்களாக இன்றும் அறியப்படுகின்றனர். அவர்தம் பெயர் நிலைத்தமைக்கு நிலமும் சேவையுமே அடிப்படை. களி தோண்டியோர், மிதித்தோர், உமி புடைத்துக் கொடுத்த பெண்கள் ஆகியோரின் பெயர் எதுவும் எஞ்சவில்லை. 1833ஆம் ஆண்டளவில் கோல்புறூக் சீர்திருத்தங்கள் அரசுக்குரிய இராஜகாரியத்தை ஒழித்தன. 1870ஆம் ஆண்டின் சேவை நிலக் கட்டளைச் சட்டம் கோயிற் சேவையைப் பணமாக மாற்றிச் செலுத்த வழிசெய்தது. கட்டாய உழைப்பு தளர்ந்தமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் அந்த உழைப்பினூடு கைமாறிவந்த அறிவுக்கு மாற்றிடம் எதுவும் அமைக்கப்படவில்லை.

இவ்விழப்பை முதலில் உணர்ந்தவர்களுள் ஆனந்த குமாரசுவாமி தலையாயவர். கொழும்பிலே 1877இல் பிறந்த அவர் ஒரு புவியியலாளர். இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளர். பாறையையும் களியையும் தேடிக் கிராமங்களுக்குச் சென்றவர், அங்கே அக்களியைக் கையாண்ட மனிதரைக் கண்டார். அதன் பயனே 1908இல் வெளிவந்த, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல். சமதர்மவாதியும் கைவினை இயக்கத்தின் முன்னோடியுமான வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே அந்நூல் அச்சிடப்பட்டது. அந்நூலிலே கைவினைஞரின் கருவிகளும் கலவைகளும் சொற்களும் இடம்பெற்றன. கலை வரலாறு அரசரின் பட்டியலாக மட்டும் இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அது நல்லதோர் எடுத்துக்காட்டு.

7. முடிவுரை

இன்று மண்ணின் இடத்தைச் சீமெந்து பிடித்துள்ளது. சீமெந்து சுருங்கி வெடிக்கும் அச்சம் குறைவு; மழைக்குக் கரையாது; விரைவில் முடியும். புதிய சிலைகளுக்கு அதனைப் பயன்படுத்துவோரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் பழைய மண்ணுருவங்களின் மீது சீமெந்தைப் பூசிப் ‘புதுப்பிக்கும்’ போது தீங்கு நேர்கின்றது. மண் ஈரத்தை உள்வாங்கியும் வெளியிட்டும் வாழும் பொருள். இறுகிய சீமெந்துத் தோல் ஈரத்தையும் உப்பையும் உள்ளே அடைத்துவிட, உட்பகுதி சிதைகின்றது. வெளியே பளபளப்பான உருவம் வீற்றிருக்க, உள்ளே அது பொடியாகின்றது.

நிலமும் மாறிவிட்டது. களு கங்கை நீர்த்தேக்கத்தின் பொருட்டுப் பழைய லக்கல நகரம் கைவிடப்பட்டு, 2018ஆம் ஆண்டில் புதிய நகரம் திறந்துவைக்கப்பட்டது. வறண்ட வயல்களுக்கு நீர் வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் எந்த நீர்த்தேக்கமும் முதலில் மூழ்கடிப்பது ஆற்றோரத் தாழ்நிலத்தையே. களி படிந்திருப்பதும் அங்கேதான். வீட்டுக்கு இழப்பீடு உண்டு. வயலுக்கு மாற்று வயல் உண்டு. ‘இந்த வயலின் களிக்கு இவ்வளவு மணல்’ என்னும் அறிவு எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. அவ்வறிவு அந்த மண்ணோடு பிறந்தது. வேறு மண்ணில் அது மீண்டும் முதலிலிருந்து கற்கப்பட வேண்டும்.

ஆகவே பல்கலைக்கழகங்கள் செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. சிலையின் அளவையும் காலத்தையும் குறிப்பதோடு நில்லாது, மண் எங்கே எடுக்கப்பட்டது, எது கலக்கப்பட்டது, எத்தனை நாள் உலர்த்தப்பட்டது, அத்தொழிலுக்குரிய சொற்கள் யாவை என்பனவற்றைச் சிங்களக் கைவினைஞரிடமும் தமிழ்க் கைவினைஞரிடமும் அவரவர் மொழியிலேயே கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். வயதானோர் இருக்கும்போதே அது செய்யப்பட வேண்டும். தும்பறையின் குயவனும் புதுக்கோட்டையின் வேளாரும் ஒருவர் மொழியை மற்றவர் அறியார். ஆயினும் ஈரமண் தன் பாரத்தைத் தாங்குமளவு இறுகிவிட்டதா என்பதை இருவரும் ஒரே விதமாகப் பெருவிரலால் அழுத்தியே சோதிப்பர். இரு இனத்தாரின் பண்பாட்டையும் எதிரெதிரே நிறுத்தி எழுதப்பட்ட வரலாறுகள் நம்மிடம் ஏராளம். அந்தப் பெருவிரலின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை.